ஒப்படையை வாசித்தால் போதாது, எழுதியவரிடம் கேட்கவும் வேண்டும்

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்ததன் பின்னர், அதைத் தடுப்பதா விடுவதா என்று சில மாதங்கள் தடுமாறிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, பிறகு செயற்கை நுண்ணறிவைத் தாமே மாணவர் கையில் கொடுக்கத் தொடங்கின. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் தனக்கென ஒரு சேவையை அமைத்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2025 பெப்ரவரியில், தன் 23 வளாகங்களிலும் பயிலும் 460,000க்கு மேற்பட்ட மாணவருக்குச் சாட்ஜிபிடியை வழங்குவதாக அறிவித்தது. யாழ்ப்பாணத்தில் வருகை விரிவுரையாளராக ஒப்படைகளைத் திருத்தும் எனக்கு இச்செய்திகள் பெரிய வியப்பைத் தரவில்லை. இங்குள்ள மாணவர்கள் எந்தப் பீடத்தின் அனுமதிக்கும் காத்திராமல், இலவசப் பதிப்பைக் கைபேசியில் ஏற்கெனவே பயன்படுத்தி வருகின்றனர். அவர்கள் எழுதித் தருவதை இனி எவ்வாறு மதிப்பிடுவது என்பதையே நிறுவனங்கள் இன்னும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இயந்திரம் எழுதியதை இன்னோர் இயந்திரத்தைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்ற யோசனை பலருக்கு உடனே தோன்றும்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, இயந்திரம் எழுதியவற்றில் 26 வீதத்தை மட்டுமே அடையாளம் கண்டதுடன், மனிதர் எழுதியவற்றில் 9 வீதத்தின் மீது தவறாகச் சந்தேகம் கொண்டது. ஜூலையில் அதை மீளப்பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, சராசரியாக 61 வீதமானவை இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எளிதில் ஊகிக்கக்கூடிய சொற்கள் அடுத்தடுத்து வருவதையே இக்கருவிகள் இயந்திரத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக ஆங்கிலத்தில் பக்கக்கணக்காக எழுத நேரும் நம் மாணவர், மனனம் செய்த வாக்கிய அமைப்புகளையும் நன்கு தெரிந்த சொற்களையும் கொண்டுதான் எழுதுவார். அத்தகையவர்மீது ஒரு மென்பொருளின் வீதக்கணக்கை வைத்துக் குற்றஞ்சாட்டுவது அநியாயம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் ஒப்படைகளைச் சோதிக்கும் மென்பொருளை விற்கும் டேர்னிட்டின் (Turnitin) என்ற நிறுவனத்தின் கண்டறியும் வசதியை நிறுத்தியது. ஒரு வீதம் தவறினாலும், ஆண்டுக்கு 75,000 ஒப்படைகளில் ஏறத்தாழ 750 வீணாகச் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று அது கணக்குக் காட்டியிருந்தது.

சிட்னிப் பல்கலைக்கழகம் மதிப்பீட்டை இரு தடங்களாகப் பிரித்திருக்கிறது: நேரில், மேற்பார்வையின்கீழ் நடப்பவை ஒரு தடம், செயற்கை நுண்ணறிவைத் தாராளமாகப் பயன்படுத்தக்கூடியவை மற்றத் தடம். நமக்கு ஏற்றது இதுவே என்று நினைக்கிறேன், ஏனெனில் இதற்கு உரிமக் கட்டணம் தேவையில்லை. ஆங்கிலப் பாடநூலின் ஒரு பந்தியைச் சாட்ஜிபிடியில் ஒட்டி, தமிழில் விளக்கம் கேட்டு இரவிரவாகப் படிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. (தமிழில் வரும் விடை சில வேளைகளில் அபத்தமாக இருக்கும், ஆனால் அதையும் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்கலாம்.) ஒப்படை கிடைத்ததும் மாணவரை அழைத்து, இந்த முடிவுக்கு ஏன் வந்தீர்கள், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பத்து நிமிடம் கேட்டால், அவருக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வியையும் மாற்ற வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் மாசடைவதற்கான காரணங்களை விளக்குக என்று கேட்டால், சுண்ணாம்புக்கல், உரப்பாவனை, மலசலகூடக் குழிகள் என்று ஒழுங்கான விடை ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அதே மாணவரை வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு அனுப்பி, நான்கு கிணறுகளின் நைத்திரேற்று அளவைச் சோதித்து, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையோடு ஒப்பிட்டு, தோட்டக்காரர் எப்போது என்ன உரம் இட்டார் என்று விசாரித்து எழுதச் சொன்னால், அந்தத் தரவு எந்தச் செயற்கை நுண்ணறிவிடமும் இருக்காது. அதை எழுத்தாக்க இயந்திரத்தின் உதவியைப் பெற்றால் பெறட்டும்.

இதில் உண்மையான தடை நேரம்தான். முதலாம் ஆண்டில் இருநூறு பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் கேட்பதற்கு முப்பத்துமூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். விரிவுரைக்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் கொடுப்பனவு தரும் நிறுவனங்கள், இந்த மணித்தியாலங்களையும் கற்பித்தல் வேலையாகக் கணக்கில் எடுத்தாலன்றி, என்னைப் போன்ற வருகை விரிவுரையாளர்கள் எத்தனை பேர் முன்வருவார்கள் என்பது சந்தேகமே.