மலிவிழா வீதி

ஜனவரி 5, வியாழன்

மயிலாப்பூர் விழா இன்று தொடங்கிவிட்டது. ஞாயிறு வரை நான்கு நாள். தை பிறந்ததும் அத்தை கச்சேரி ரோட்டு வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போகிறார். ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். ஐம்பது வருடம் இருந்த வீடு. "இந்தத் தடவை ஒண்ணு விடாம பார்த்துடணும். நீ லீவு போட்டுடு" என்றார். போட்டுவிட்டேன்.

ஜனவரி 6, வெள்ளி

இன்று திருவாதிரை. களியும் ஏழு காய்க் கூட்டும் சாப்பிட்டுவிட்டுக் கபாலி கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். பூம்பாவை சன்னதி முன்னால் அத்தை நின்றுவிட்டார். பாம்பு கடித்து இறந்த மகளின் சாம்பலைக் குடத்தில் வைத்திருந்தார் சிவநேசர். சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்பது கதை. எனக்கு அந்தப் பதிகம் கூப்பிடும் விதம்தான் பிடிக்கும். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று கேட்கிறது. செத்துப்போன பெண்ணுக்கு ஆசை காட்ட அவருக்குத் தோன்றியது திருவிழாதான்!

ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. 'மலிவிழா வீதி', அதாவது விழாக்கள் நிறைந்த வீதி என்று அப்போதே பாடியிருக்கிறார். அன்று கோயில் கடலோரம் இருந்தது, பாட்டிலேயே அலை வருகிறது. பிறகு கோயில் இடம் மாறியது. விழா மட்டும் கூடவே வந்துவிட்டது.

அத்தைக்குப் பதிகம் மனப்பாடம். முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், 'ஆதிரைநாள்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 7, சனி

சாயங்காலம் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. வண்டி போகிற தார் ரோட்டில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து புள்ளி வைப்பதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். அத்தையால் இப்போது குனிய முடியாது. பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் போட்டேன். 15 புள்ளி, இடுக்குப் புள்ளியாக 8 வரை, சிக்குக் கோலம். பாதியில் இழை எங்கேயோ விட்டுப்போய் மூடவே இல்லை. "பதறாதே, வந்த வழியே விரலை ஓட்டிப் பாரு" என்றார். ஓட்டினேன், மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளியைச் சுற்றாமல் தாண்டியிருந்தேன். புறங்கையால் அழித்துத் திருத்தினேன்.

இந்தக் கோலம் எந்த நோட்டிலும் இல்லை. அத்தைக்கு அவர் மாமியார் சொல்லிக் கொடுத்தது. பரிசு வரவில்லை. சிக்கு என் கைக்கு வந்துவிட்டது, அது போதும்.

ஜனவரி 8, ஞாயிறு

காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் பிள்ளைகள் பாடியதைக் கொஞ்சம் கேட்டோம். அப்புறம் அருண்டேல் தெருவில் பேயாழ்வார் அவதரித்ததாகச் சொல்லும் கிணறு. திரும்பும்போது வடக்கு மாட வீதியில் ஆட்டோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நேற்றைய கோலத்தில் வெள்ளைத் தடம்தான் மிச்சம். அத்தை அதைப் பார்த்தார், வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"பங்குனி எப்போ வருது?" என்றார். "அறுபத்துமூவருக்கு முதல் நாள் ராத்திரியே வந்துடுவேன். உன் வீட்டு ஹால்ல ஒரு பாய் போட்டு வை."