கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்ட அனுபவம்

பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்த அன்றே டாக்டர் "சீக்கிரம் கேப் போட்டுடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். வலி போய்விட்டது, அதனால் 4 மாதம் தள்ளிப்போட்டேன். தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கைக் கடித்தபோது கீழ்க் கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் ஒரு துண்டாக உடைந்து நாக்கில் விழுந்தது. வேர் சிகிச்சையில் பல்லின் நடுவைக் குடைந்துவிடுவதால் சுற்றியிருக்கும் சுவர் மெலிந்துபோகும், மேலே மூடி இல்லாவிட்டால் கடிக்கிற வேகத்தில் பிளக்கும். பிளவு வேர் வரை இறங்கியிருந்தால் பல்லையே பிடுங்கியிருக்க வேண்டும். நல்லவேளை, ஈறுக்கு மேலேயே நின்றிருந்தது.

என்ன கேப் போடுவது? டாக்டர் மாதிரிகளை மேசையில் எடுத்து வைத்தார். முழு உலோகக் கேப் வெள்ளி நிறத்தில் இருக்கும், விலை குறைவு, மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும் என்பதால் பல்லை அதிகம் சீவ வேண்டாம். வெளியே தெரியாத பல்தானே, இதுவே போதும் என்றுதான் நினைத்தேன். பேச்சுவாக்கில் கவரிங் கம்மல் போட்டால் எனக்குக் காது புண்ணாகும் என்று சொன்னதும், "அப்போ உங்களுக்கு நிக்கல் ஒத்துக்காது போல, அது கலந்த உலோகம் வேண்டாம்" என்று அதை ஓரமாக நகர்த்திவிட்டார். இதை எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது, நாமாகவே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது உள்ளே உலோகம், மேலே பீங்கான் பூச்சு. அம்மாவின் முன்பல்லில் இருப்பது இதுதான். வருடங்கள் போகப் போக ஈறு மேலே ஏறி, கேப்பின் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரிகிறது, அதனால் அம்மா இப்போதெல்லாம் உதட்டை மூடியபடிதான் சிரிக்கிறார். எனக்கு அது மனதுக்குக் கஷ்டம். முன்பல்லுக்கு ஈமேக்ஸ் மாதிரி முழுப் பீங்கான் வகை உண்டு, வெளிச்சம் ஊடுருவுவதால் சொந்தப் பல் போலவே இருக்கும். அரைக்கிற பல்லுக்கு ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகை போடலாம், உலோகம் இல்லை, உறுதியும் அதிகம். விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே சொன்னேன்.

உடைந்த இடத்தை முதலில் அடைத்துக் கட்டி, பிறகு பல்லைச் சுற்றிலும் சீவினார்கள். நரம்பு எடுத்த பல் என்பதால் வலியில்லை, ஈறு ஓரத்துக்கு மட்டும் ஊசி. அளவு எடுக்கும்போது மாவு மாதிரியான ஒன்றைத் தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்திப் பிடிப்பார்கள், குமட்டும், தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சு விட்டால் சமாளித்துவிடலாம். நிறம் பார்க்க ஜன்னல் பக்கம் அழைத்துப் போய் ஏ2, ஏ3 என்று நிற எண் போட்ட மாதிரிப் பற்களை என் பல்லோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு வாரத்துக்குத் தற்காலிகக் கேப்.

கேப் ஒட்டிய நாளில் நீல மைத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை அழுத்தமாகப் பதிந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்தார். அப்போது சரியாகத்தான் இருந்தது. ராத்திரி இட்லி சாப்பிடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் போய் இடித்தது, சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி. பழகிவிடும் என்று விடாமல் மறுநாளே போனேன். இன்னும் கொஞ்சம் தேய்த்து, தேய்த்த இடத்தைப் பளபளப்பாக்கியும் கொடுத்தார். ஜிர்கோனியாவைச் சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அது தேய்த்துவிடுமாம், அதனால் பாலிஷ் போட்டாச்சா என்று கட்டாயம் கேளுங்கள். கேப்புக்கு அடியிலும் சொத்தை வரும், ஓரத்தில் தினமும் பல் இடுக்கு நூல் (ஃப்ளாஸ்) விட்டுச் சுத்தம் செய்கிறேன்.

அடுத்த வாரம் அம்மாவை அழைத்துப் போகிறேன். பழைய கேப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம், உள்ளே பல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் புதியது. பகல் வெளிச்சத்திலேயே நிறம் பார்க்க வேண்டும் என்று காலை நேரமாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.