கார்த்திகையைப் பார்த்த இரவு

ஜவ்வாது மலையின் காவலூர் வான் ஆய்வகத்தில் 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நேரில் கண்டு வந்த நாளிலிருந்து, நண்பர்கள் நால்வரும் சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். நேற்று பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, கை நடுங்காமல் மூச்சை அடக்கிக் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்தபோது, வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்தவை நீலம் பூத்த பல பொட்டுகளாக விரிந்தன. சுமார் 440 ஒளியாண்டுகள் கடந்து வரும் அந்த ஒளி, மதுரையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்டது என்று தோழி சொன்னதும் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய வெளியில் நம் வாழ்வுக்கு என்னதான் பொருள் என்று, திங்களன்று வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லவிருக்கும் நண்பன் கேட்டான். எங்களில் யாரிடமும் விடை இல்லை; ஆனால், அவன் அதை எங்களிடம் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஃபிளாஸ்கில் மீதமிருந்த சுக்குக் காப்பியைப் பகிர்ந்துகொண்டு, பைனாகுலரை ரோகிணியின் பக்கம் திருப்பினோம்.