அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில், கட்டுமானப் பொருட்கள் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், அலுவலகத்துக்கென ஒரு நோட்டரி வேண்டும் என்று முதலாளி என்னை விண்ணப்பிக்கச் சொன்னார். அதுவரை அந்தப் பொறுப்பைப் பார்த்துவந்தவர் ஓய்வு பெற்றுவிட்டதால், ஒவ்வொரு பிரமாணப் பத்திரத்துக்கும் யாராவது ஒருவர் வங்கிக்கு ஓட வேண்டியிருந்தது. ஆளுநரின் நியமனக் கடிதம் வந்ததும் ராக்வில்லில் உள்ள கவுண்டி நீதிமன்றத்துக்குச் சென்று, எழுத்தர் அலுவலகத்தில் வலக்கையை உயர்த்தினேன். தொடங்குமுன் அங்கிருந்த பெண்மணி, “சத்தியம் செய்கிறீர்களா, உறுதி கூறுகிறீர்களா?” என்று கேட்டார். சாப்பாட்டுக்கடையில் காப்பியா தேநீரா என்று கேட்பது போன்ற குரல். அதில் யோசிக்க ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; சத்தியம் என்றேன்.

பழைய நோட்டரியின் மேசை இழுப்பறையில், முத்திரையோடு பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டையும் இருந்தது. பத்திரம் கொண்டுவருபவர்களிடம் வாசிக்க வேண்டிய வாசகம் அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. “கடவுள் எனக்குத் துணை நிற்பாராக” என்று அது முடிந்தது. பல மாதங்கள் அதையே வாசித்தேன். ஒருநாள், கூரை வேலை எடுத்துச் செய்யும் வயதான ஒப்பந்ததாரர் ஒருவர், தம் ஆட்களுக்குக் கூலி பாக்கியில்லை என்று தெரிவிக்கும் பத்திரத்துடன் வந்தார். நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னவர், கடைசி வரியில் நின்றுவிட்டார். “இதை மட்டும் விட்டுவிடலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. அட்டையில் உள்ளதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், விருப்பமில்லையென்றால் வேறு நோட்டரியிடம் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இதே கவுண்டியில் உங்களைப்போல் கணக்கு எழுதிய ஒருவரிடம் இதைத்தான் சொன்னார்கள், அவர் பெயர் டார்காசோ, தேடிப் படியுங்கள் என்று கூறிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு வெளியேறினார்.

அன்று மாலையே படித்தேன். ராய் டார்காசோவும் ஒரு கணக்கெழுத்தர்தான். அவரையும் முதலாளிதான் நோட்டரியாகச் சொல்லியிருக்கிறார். நியமனம் ஆளுநரிடமிருந்து வந்துவிட்டது. ஆனால் கவுண்டி நீதிமன்ற எழுத்தர், கடவுள் உண்டு என்று நம்புவதாக அறிவித்தால்தான் நியமன ஆணையைத் தர முடியும் என்றார். மாநில அரசமைப்பின் உரிமைப் பிரகடனத்தில் 37-ஆவது பிரிவு, பதவிக்கு எந்தச் சமயச் சோதனையும் கூடாது என்று தாராளமாகத் தொடங்கி, கடவுள் உண்டென்னும் நம்பிக்கையை அறிவிப்பதைத் தவிர என்று முடிகிறது. டார்காசோ அறிவிக்க மறுத்து வழக்குத் தொடர்ந்தார். அவரை யாரும் நோட்டரியாகும்படி கட்டாயப்படுத்தவில்லையே என்பதுதான் மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம் அவருக்குச் சொன்ன பதிலின் சாரம். பிடிக்காவிட்டால் வேறிடம் போ என்று அன்று காலை நான் சொன்னதும் அதேதான். நீதிபதிகள் அதைக் கொஞ்சம் நீட்டி எழுதியிருந்தார்கள், அவ்வளவே. 1961 ஜூன் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அதைத் தள்ளிவிட்டது. நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பின்படி, ஒருவர் பதவியை மறுத்துவிட்டுப் போகலாம் என்பது, அரசமைப்பு தடுக்கும் ஒரு நிபந்தனையை அவர்மேல் சுமத்துவதற்குக் காரணமாகாது.

அமெரிக்கச் சுதந்திரச் சிந்தனை, அதாவது மதத்துக்குக் கட்டுப்படாத சிந்தனை, என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது மேடைகள். தாமஸ் பெயினும் இங்கர்சாலும் தமிழர்களுக்கு அந்நியர்கள் அல்லர்; குடி அரசுப் பதிப்பகம் வெளியிட்ட இங்கர்சால் மொழிபெயர்ப்புகள் இரண்டு என் தாத்தாவின் தகரப் பெட்டியில், பாட்டியின் தேவாரப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தன. அந்த இங்கர்சாலின் கல்லறை, என் அலுவலகத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது எனக்கு அமெரிக்கா வந்து வெகுநாள் கழித்தே தெரிந்தது. மத போதகரின் மகனாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்து, 1867-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரானவர். கூட்டம் கூட்டமாக மக்கள் காசு கொடுத்துக் கேட்ட பேச்சாளர். ஆனால் அவருடைய பேச்சு எந்த அளவு கைதட்டல் வாங்கியதோ, அந்த அளவு வாக்குச்சீட்டை அவரிடமிருந்து விலக்கியது. ஆளுநர் பதவிக்கு முயன்றும் கட்சி அவரை வேட்பாளராக்கவில்லை. அதன்பின் தேர்தல் வழியாக எந்தப் பதவிக்கும் அவர் வரவில்லை. மேடையில் இடம் கிடைத்தவருக்கு நாற்காலியில் இடமில்லை என்பது என் மேசையிலிருந்து பார்க்கையில்தான் எனக்கு உறைத்தது.

நான் நம்பிக்கையுள்ளவள். மாதம் ஒருமுறையாவது லேன்ஹாமில் உள்ள சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகாவிட்டால் மனம் நிலைகொள்ளாது. எனவே இதெல்லாம் கடவுள் மறுப்பாளர்களின் வழக்கு, எனக்கென்ன என்று விட்டிருக்கலாம். ஆனால் மேரிலாந்தின் பழைய ஏடுகளைப் படிக்கப் படிக்க, அந்த வரிசையில் நானும் நின்றிருப்பேன் என்று தெரிந்தது. சமயப் பொறை பற்றிய 1649-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மாநிலத்தின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அதே சட்டம், தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை மறுப்பவருக்கு மரண தண்டனை என்றும் சொல்கிறது. 1776-இல் எழுதப்பட்ட அரசமைப்பு, பதவியேற்பவர் கிறித்தவ நம்பிக்கையை அறிவிக்க வேண்டும் என்றது. யூதர்களுக்கு வழிவிடும் மசோதாவைத் தாமஸ் கென்னடி என்னும் கிறித்தவ உறுப்பினர் ஆண்டுக்கணக்கில் கொண்டுவந்து, அதனாலேயே ஒரு தேர்தலில் தோற்று, மீண்டும் வென்றுவந்து, கடைசியில் 1826-இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போதும் கதவு யூதர்களுக்கு மட்டுமே திறந்தது, அதுவும் மறுமையில் நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் உண்டென்று அவர்கள் அறிவித்த பின். என்னைப் போன்ற ஒருத்தி அன்று அந்தக் கவுண்டருக்கு வந்திருந்தால், எழுத்தர் எந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்?

கடவுள் உண்டென்று சொன்னால் போதும் என்ற நிலை 1867-ஆம் ஆண்டு அரசமைப்பில் உள்ளது. அதுவும் யாரை வெளியே நிறுத்தும் என்பது 1965-இல் ஒரு கொலை வழக்கில் வெளிப்பட்டது. குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் ஒரு பௌத்தர்; ஷோகுரோவ் என்பது அவருடைய பெயர். மேரிலாந்தில் ஜூரிகள் கடவுள் நம்பிக்கையை அறிவித்த பிறகே அமர்த்தப்பட்டார்கள். தம் சமயத்தவர் யாரும் அமர முடியாத ஜூரி தம்மை விசாரித்தது செல்லாது என்று அவர் வாதிட்டார். முன்பு டார்காசோவை மறுத்த அதே மாநில நீதிமன்றம், இம்முறை அதை ஏற்றுத் தண்டனையை நீக்கியது. முடிவாகாத பல வழக்குகளில் குற்றச்சாட்டையே புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. எழுத்தர்களுக்கு அந்த ஆண்டு எத்தனை தாள் செலவாகியிருக்கும் என்று கணக்கெழுதுகிற புத்தி நினைக்கிறது.

எல்லாம் ஒரே திசையில் போனதாக எண்ணிவிட வேண்டாம். டார்காசோ தீர்ப்புக்கு மூன்று வாரம் முன்பு, அதே உச்ச நீதிமன்றம் அதே மேரிலாந்தின் ஞாயிற்றுக்கிழமை விற்பனைத் தடையைச் செல்லும் என்றது. பெரிய கடையொன்றின் ஊழியர்கள் ஞாயிறன்று விற்று அபராதம் கட்டிய பொருட்களின் பட்டியலைப் பாருங்கள்: ஒரு கோப்பு உறை, தரைக்குப் பூசும் மெழுகு ஒரு டப்பா, ஒரு ஸ்டேப்ளரும் அதற்கான பின்களும், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல். ஓய்வுநாள் தொடக்கத்தில் சமயத்திலிருந்து வந்திருந்தாலும் இப்போது அது பொதுநலனுக்கான ஓய்வாகிவிட்டது என்பது நீதிமன்றத்தின் விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. என் மேசையில் உள்ள ஸ்டேப்ளரை எடுக்கும்போதெல்லாம் அந்த விளக்கம் இன்னும் கொஞ்சம் தளர்கிறது.

டார்காசோவைப் பற்றிப் படித்த மறுநாள் கூரை ஒப்பந்ததாரரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். வந்தார், உறுதி கூறினார், கையெழுத்திட்டார். பழைய அட்டையைக் கிழித்துவிட்டு இரண்டு வாசகங்களையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து வைத்தேன்.

சென்ற ஆண்டு, பாளையங்கோட்டையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, ஊரில் உள்ள சொத்து தொடர்பான பிரமாணப் பத்திரத்துடன் வந்தார். தமிழ் பேசும் நோட்டரி என்று யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். சத்தியம் செய்கிறீர்களா என்று நான் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டார்.

“பரிச்சேதம் சத்தியம் பண்ண வேண்டாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, பிள்ளே. மத்தேயு அஞ்சுல இருக்கு.”

மகன் சங்கடத்துடன் என்னைப் பார்த்தார். எனக்கோ சிரிப்பும் வியப்பும் ஒருசேர வந்தன. அமெரிக்க அரசமைப்பில் குடியரசுத் தலைவரின் பதவியேற்பு வாசகத்திலேயே “சத்தியம்” என்னும் சொல்லுக்குப் பக்கத்தில் “அல்லது உறுதி” என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கப்பட்டிருப்பது, இதே வசனத்தைக் காரணம் காட்டி சத்தியம் செய்ய மறுத்த, குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர் போன்ற பக்தர்களை மனத்தில் வைத்துத்தான். பக்தியுள்ளவர்களுக்காகத் திறந்த அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் பிறகு டார்காசோ போன்றவர்களும் உள்ளே வந்தார்கள். அந்த அம்மாவுக்கு எப்படித் தமிழில் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினேன். தமிழ்நாட்டில் கடவுள் பெயரைச் சொல்லாத அமைச்சர்கள் பதவியேற்கும் வாசகம் நினைவுக்கு வந்தது.

“உளமார உறுதி கூறுறேன்னு சொன்னா போதும்மா.”

“அது சொல்லலாம்” என்றார், சொன்னார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழில் முழுப்பெயரையும் நிறுத்தி எழுதினார். நான் தேதியிட்டு முத்திரை வைத்தேன். “என் முன்னிலையில் கையெழுத்திட்டு, சத்தியம் செய்தார்” என்று சான்றுரையில் அச்சாகியிருக்கிறது. அதற்கடுத்து, அடைப்புக்குறிக்குள், “அல்லது உறுதி கூறினார்”. இரண்டில் எதையும் அடிக்காமல், மாநிலத் தலைநகர் அனாபலிசில் அப்போஸ்டில் என்னும், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்று வாங்குவதற்காகத் தாளை மகனிடம் கொடுத்தேன்.