பிடிஎஸ் 456: இரும்பின் பள்ளத்தைச் சோதிக்கும் நாட்குறிப்பு

ஜூன் 2
பிடிஎஸ் 456 ஒரு குவேசார்: நடுவிலுள்ள பெருங்கருந்துளை வாயுவை விழுங்குவதால் பிரகாசிக்கும் தொலைதூர விண்மீன் மண்டல மையம். அதிலிருந்து வீசும் காற்றிலுள்ள இரும்பு எக்ஸ்-கதிரை உறிஞ்சுவதால் நிறமாலையில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் மெய்தானா என்பதே சோதனை. செம்பெயர்ச்சி (அண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 0.184. நடுவிலுள்ள கருந்துளையின் நிறை, சூரியனைப் போல் சுமார் 100 கோடி மடங்கு. இந்த நிறைக்கு ஓர் ஈர்ப்பு ஆரத்தை (நிறையால் முடிவாகும், கருந்துளையின் அளவுகோல்) கடக்க ஒளிக்கு ஏறக்குறைய 4,900 நொடி ஆகும். எக்ஸ்-கதிரை உமிழும் கொரோனா (கருந்துளையை ஒட்டிய சூடான வாயு) பத்து ஆரம் அகலம் என்று கொண்டால் அங்கே 14 மணி நேரம். அண்ட விரிவால் நமக்கு அது 16 மணி நேரமாக நீள்கிறது. அதைவிட வேகமாக ஒளி பெரிதாக மாறாது. ஆகவே 100 கிலோநொடி (ஒரு லட்சம் நொடி) அவதானிப்பை இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் போதும். அதற்கு மேல் நறுக்கினால் ஃபோட்டான் எண்ணிக்கைதான் குறையும்.

ஜூன் 3
எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் பிஎன் உணரித் தரவைச் சுத்தம் செய்யும் வேலை. 10 முதல் 12 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை (இனி அலகு சொல்லாத ஆற்றல்கள் எல்லாம் இதே அலகில்), ஒற்றைப் பிக்சல் நிகழ்வுகளை மட்டும் எடுத்து, 100 நொடிக்கு ஒரு புள்ளியாக ஒளிவளைவு. நொடிக்கு 0.4 எண்ணிக்கையைத் தாண்டும் நேரங்களை நீக்க வேண்டும். அவை மென்புரோட்டான் வெடிப்புகள், அதாவது குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் திடீரென உணரியில் கொட்டும் நேரங்கள். புரோட்டான்கள் உணரியெங்கும் ஒரே அளவாக விழுவதில்லை என்பதால், பின்னணியைக் கழித்த பிறகும் எச்சம் தங்கும். 7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அது பள்ளத்தைத் தூர்த்துவிடும்.

ஜூன் 5
ஃபோட்டான் குவிதல் சோதனை. இரண்டு ஃபோட்டான்கள் ஒரே சட்டகத்தில் ஒரே இடத்தில் விழுந்தால் உணரி அவற்றை ஒன்றாகக் கூட்டிப் படிக்கும். நிறமாலை செயற்கையாகக் கடினமாகும். ஒற்றைப் பிக்சல், இரட்டைப் பிக்சல் நிகழ்வு விகிதங்கள் எதிர்பார்த்த வளைவோடு ஒட்டிப் போகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். விலகினால் நடுவட்டத்தை வெட்டி, வளையத்தில் மட்டும் நிறமாலை எடுக்கலாம். முழுச்சட்டக முறையில் ஒரு சட்டகம் 73 மில்லிநொடி, சிறுசாளரத்தில் 6 மில்லிநொடிக்கும் குறைவு. ஆனால் சிறுசாளரத்தில் நேரத்தில் 29 சதவீதம் வீணாகும்.

ஜூன் 9
பின்னணிப் பகுதியைத் தேர்வது. முழு வேலையிலும் ஆபத்தான படி இதுதான்.

பிஎன் உணரிக்கு அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையில் செம்பு இருக்கிறது. அது 8.05-இல் தானே ஒளிரும். இந்த ஒளிர்வு உணரியின் நடுவில் மிகக் குறைவு, ஓரங்களில் அதிகம். குவேசார் விழுவதோ நடுப்பகுதியில். பின்னணியை ஓரத்தில் எடுத்தால் இல்லாத செம்பைக் கழிக்கிறோம், 8.05-இல் ஒரு பள்ளம் தோன்றும். செம்பெயர்ச்சியை நீக்கி, குவேசாரின் இடத்திலுள்ள ஆற்றலாக மாற்றினால் அது 9.53. ஹைட்ரஜன் போன்ற (ஒரே எலக்ட்ரான் மிஞ்சிய) இரும்பின் கோடு 6.97. இரண்டையும் ஒப்பிட்டால் வேகம் ஒளியின் 0.30 மடங்கு! இந்தக் குவேசாரில் உண்மையாகவே வீசும் காற்றின் வேகமும் 0.25 முதல் 0.3 வரைதான். பொய்யும் மெய்யும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடத்தில் சோம்பல் கூடாது.

பின்னணி வட்டம் நடுப்பகுதிக்குள்ளேயே, மூலத்தின் ஒளிச்சிதறல் எட்டாத இடத்தில் இருக்கட்டும். பிறகு பின்னணியைக் கழிக்காமலும் ஒருமுறை வரைந்து பாருங்கள். பள்ளம் அப்போதும் நின்றால் நம்பலாம்.

ஜூன் 12
கோட்டின் உறுதி. மாதிரியில் கோடு சேர்க்கும் முன்னும் பின்னும் பொருத்தம் எவ்வளவு மேம்பட்டது என்று ஒப்பிடும் எஃப்-சோதனை செய்வது தவறு. கோட்டின் வலிமை பூஜ்ஜியம் என்பது எல்லையிலேயே இருப்பதால் அந்தச் சோதனையின் அடிப்படை பொருந்தாது. கோடே இல்லாத மாதிரியிலிருந்து சில ஆயிரம் போலி நிறமாலைகள் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் 6.5 முதல் 10 வரை 50 எலக்ட்ரான்வோல்ட் படிகளில் கோடு தேட வேண்டும். ஆயிரம் மட்டும் செய்தால் 99.9 சதவீதத்துக்கு மேல் எதையும் சொல்ல முடியாது. கணினி இரவெல்லாம் ஓடட்டும்.

ஜூன் 16
தொடர்நிறமாலையை (கோடுகள் இல்லாதபோது இருக்கும் சீரான ஒளி) எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்தே பள்ளத்தின் ஆழம். மூலத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வாயு, 7.1-இலுள்ள இரும்பு விளிம்பால் வளைவை உண்டாக்கும். 10-க்கு மேல் அளக்கும் நுஸ்டார் தொலைநோக்கியோடு ஒரே நேரத்தில் எடுத்த தரவுதான் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். 2013-14 அவதானிப்புகளின் பலமும் அதுவே.

2023-இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் என்ற எக்ஸ்-கதிர் தொலைநோக்கி இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது: பிஎன் உணரி 150 எலக்ட்ரான்வோல்ட் அளவில் மங்கலாக்கும் பள்ளத்தை அது 5 எலக்ட்ரான்வோல்ட் அளவில் பார்க்கிறது. ஒரே அகன்ற காற்றாகத் தெரிந்தது ஐந்து தனித்தனி வேகங்களாக உடைந்தது, எவ்வளவு அழகான முடிவு. ஆனால் அதன் உணரிக்கு முன்னுள்ள மூடி (வாயில்) திறக்காததால் 1.7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே தரவு இல்லை. மென்பகுதி (குறைந்த ஆற்றல்) உறிஞ்சலை பிஎன் நிறமாலையிலிருந்து எடுத்து, இரண்டையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.