சட்ஜத்தில் அதிர்ந்த பூஜை அறை

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு பண்ணுவது இப்போதெல்லாம் ரொம்ப சுலபம் என்று சொல்பவர்கள் ஒருவர்கூட நங்கநல்லூரில் குடியிருப்பவராகத் தெரியவில்லை. ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஹெட்போன், அமைதியான ஓர் அறை இருந்தால் போதுமாம். முதல் மூன்றுக்கும் ரிச்சி தெரு இருக்கிறது. நான்காவதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

மெட்டுப் போடுவது எனக்குப் பல வருஷப் பழக்கம். பஸ்ஸில் நிற்கும்போதும் ரேஷன் வரிசையிலும் தோன்றுவதையெல்லாம் போனில் முனகி வைத்திருக்கிறேன். ஒருநாள் மகள் அதில் ஒன்றைத் தெரியாமல் தட்டிவிட்டு, "அப்பா, உங்களுக்கு எப்போ காய்ச்சல் வந்துச்சு?" என்று கேட்டாள். சரி, இனியும் தள்ளிப்போடக் கூடாது, ஒரு பாட்டையாவது ஒழுங்காகப் பதிவு செய்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

செலவுக்கு மனைவியிடம் ஒப்புதல் வாங்க ஆதாரங்களோடு போனேன். அமெரிக்காவில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வாடகை வீட்டில் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பாடி வைத்ததுதான் 1982-இல் ஆல்பமாகவே வெளிவந்தது. பில்லி ஐலிஷ் லாஸ் ஏஞ்சலிஸில் அண்ணனின் படுக்கையறையில் பாடிய ஆல்பத்துக்கு 2020-இல் கிராமி கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் ரகுமானே கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையில்தானே ஸ்டுடியோ கட்டினார்!

"நமக்குக் கொல்லையே கிடையாதே. அந்தப் பொண்ணுக்காவது கூட இருந்து செய்ய அண்ணன் இருந்தான். உங்களுக்கு யாரு?" என்றாள்.

எனக்கு மச்சான் இருந்தான். அவளுடைய தம்பிதான். ஆதம்பாக்கத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பவன். யூடியூபில் பார்க்காத வித்தை கிடையாது. "மாமா, விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதோ ஒரு செலவு தொடங்கியிருக்கும்.

அவன் சொன்னபடி ஒரு கண்டென்ஸர் மைக் வந்தது. அதற்கு 48 வோல்ட் மின்சாரம் ஊட்டி, ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோக ஒரு ஆடியோ இன்டர்பேஸ், இரண்டையும் இணைக்க மூன்று முள் வைத்த கேபிள். "பாடறதுக்கு எதுக்குடா இவ்வளவு வயர்?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

கண்டென்ஸர் மைக் அருமையான பொருள். ரொம்பத் துல்லியம். அந்தத் துல்லியம்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. நான் ஒரு வரி பாடியதைப் போட்டுக் கேட்டால் அதில் சுவர்க் கடிகாரம், கீழ்வீட்டுக் குக்கரின் மூன்று விசில், பழவந்தாங்கலில் கிளம்பும் மின்சார ரயிலின் ஹாரன், பழைய இரும்புக்கு நல்ல விலை தருவதாக ஆட்டோ ஸ்பீக்கரில் ஒருவர் விடுத்த அழைப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. இருபது வருஷமாக இங்கே இருக்கிறோம், இவ்வளவு சத்தத்துக்கு நடுவில்தான் இருக்கிறோம் என்று அந்த மைக் வந்தபிறகுதான் தெரிந்தது. நம் காதுகள் வேண்டாததை ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்தப் பக்குவம் வராது.

இதெல்லாம் போக விமானம். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் வீட்டில் போன் பேசுபவர்கள்கூட நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்வது வழக்கம். அதற்கு மகள் வழி கண்டுபிடித்தாள். விமானங்களை வரைபடத்தில் காட்டும் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, மதுரை போயிடுச்சு. துபாய்க்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. சரணம் தாங்குமா?" என்பாள். பல்லவிக்கு உள்நாட்டு விமான இடைவெளி போதும். இரண்டு சரணத்தையும் சேர்த்துப் பாட வேண்டுமென்றால் வானம் ஒத்துழைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்கு அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து, எந்த அறை? குளியலறையில் குரல் நன்றாக இருக்கிறது என்பது குளிப்பவரின் கருத்து. டைல்ஸ் சுவர் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும், அப்படிப் பதிவான எதிரொலியைப் பின்னால் சுத்தமாகக் கழற்றவும் முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் துணி தொங்கும் அலமாரி அறைக்குள் போய்ப் பாடச் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பது இரும்பு பீரோ. அதற்குள் புடவைக்கே இடமில்லை. மச்சான் வீட்டைச் சுற்றிவந்து, ஜன்னலே இல்லாத பூஜை அறையைக் கை காட்டினான்.

அம்மா இரண்டு நிபந்தனைகள் போட்டாள். குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்புறம், சாமி எதிரில் காதல் பாட்டெல்லாம் கூடாது.

என்னுடைய பல்லவியோ 'பக்கத்தில் நீயிருந்தும் பார்க்காத பாவனை ஏன்' என்று தொடங்குவது. "ஏம்மா, ஆண்டாள் பாடலையா?" என்றேன்.

"அவ மைக் வெச்சுக்கிட்டா பாடினா?"

மனைவி நடுவில் புகுந்து, யார் பக்கத்தில் இருந்தார், யார் பார்க்கவில்லை என்று கேட்கத் தொடங்கியதால் பேச்சு திசைமாறி, எப்படியோ எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து மச்சான், எதிரொலியை அடக்குவதற்காக முட்டைக் கடையிலிருந்து முப்பது முட்டை வைக்கும் அட்டைகளை ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்து பூஜை அறை வாசலில் வைத்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் அம்மா படிப்பாள். முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். வெளிச்சத்தத்தை அது தடுக்காது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும் என்ற விஷயத்தை விளக்கு எரிகிற அந்த இடத்தில் நிதானமாக எடுத்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு பாட ஆரம்பித்தேன். தாழ்ந்த ஸ்வரங்கள் சரியாக இருந்தன. காந்தாரம், பஞ்சமம் பரவாயில்லை. சட்ஜத்தில், அதாவது 'ஸ'வில், வந்து நின்றால் மட்டும் அறை மொத்தமும் 'கும்ம்' என்று சேர்ந்து அதிர்ந்தது. முருகன் படத்தின் கண்ணாடி கிர்ரென்றது. மணியின் நாக்கு லேசாக ஆடியது என்று மகள் சத்தியம் செய்கிறாள். வெளியே நின்ற அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு மாமா மேலே வந்தார். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, என்ன ஸ்ருதி?" என்றார். ஒன்றரைக் கட்டை என்றேன். டேப் கொண்டுவரச் சொல்லிச் சுவருக்குச் சுவர் அளந்தார். நாலடிக்கு நாலடி. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அது போய்த் திரும்பும் தூரம் ஓர் அலைநீளத்துக்குச் சமமானால் அந்த ஒலி அறைக்குள் வலுத்து நிற்கும். நாலடி அறைக்கு அந்த அதிர்வெண் ஏறக்குறைய 140 ஹெர்ட்ஸ். ஆண் குரலில் ஒன்றரைக் கட்டைச் சட்ஜம் 138.6. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்கிறது.

"உன் ஸ்ருதிக்கே கட்டின அறை, தம்பி. மேஸ்திரி யாரு?"

இதுதான் சின்னச் சதுர அறைகளின் வில்லங்கம். உயர்ந்த ஒலிகளைத் துணிமணி தின்றுவிடும். தாழ்ந்தவை அப்படி அடங்காது, அவற்றுக்கு நிறையத் தடிமன் வேண்டும். அரைக் கட்டை ஏற்றிப் பாடினாலும் 147 தான், அறை விடாது. அதற்கு மேல் ஏற்ற என் தொண்டை விடாது.

ஆகவே படுக்கையறைக்கு மாறினோம். பரணிலிருந்து பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை இறக்கி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மூலையில் நிறுத்தி, மேலே ஒரு ரஜாயைப் போர்த்தினோம். காசு கொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் அந்த மெத்தை செய்த வேலையைச் செய்யவில்லை. கண்டென்ஸரை அதன் பெட்டியிலேயே உறங்க விட்டுவிட்டு, மேடைக் கச்சேரி செய்யும் நண்பரிடம் ஒரு டைனமிக் மைக்கை இரவல் வாங்கினேன். நம் தெருக்களுக்கு அதுதான் லாயக்கு. வாய்க்கு இரண்டு மூன்று விரற்கடையில் வைத்துப் பாடினால் குரலை எடுத்துக்கொள்ளும், தூரத்துச் சத்தத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. முதுகுப் பக்கம் காது மந்தம் என்பதால் மைக்கின் பின்புறம் ஜன்னலைப் பார்க்க வைத்தோம். கிட்டத்தில் பாடினால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மைக்கில் போய் இடிக்கும். என் பல்லவியில் எத்தனை 'ப' என்று மேலே பார்த்துக்கொள்ளலாம். மனைவியின் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துப்பட்டாத் துண்டை இழுத்து மாட்டி நடுவில் வைத்ததும் அது அடங்கியது.

நேரம் இரவு பதினொன்றுக்கு மேல் என்று முடிவாயிற்று. ரகுமான் ஏன் ராத்திரியில் வேலை செய்கிறார் என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். எனக்கு ஒரே காரணம்தான் தோன்றுகிறது: அப்போதுதான் சத்தம் அடங்குகிறது. மே மாதம், மின்விசிறி கிடையாது, ஏசி கிடையாது, மேலே ரஜாய். வேட்டியோடு உள்ளே போய்ப் பாடிவிட்டு வெளியே வந்தால் மகள் துண்டோடு நிற்பாள்.

முதலில் உள்ளுக்குள் ஒரு 'ம்ம்ம்' ஓடிக்கொண்டே இருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் சார்ஜர் வழியாக உள்ளே வந்திருக்கிறது. சார்ஜர் இல்லாமல் அந்த லேப்டாப் இருபது நிமிஷம்தான் உயிரோடிருக்கும். மச்சான் தன் புளூடூத் ஹெட்செட்டை மாட்டிவிட்டான். நான் 'பக்கத்தில்' என்று பாடி முடித்து 'நீயிருந்தும்' போகும்போதுதான் 'பக்கத்தில்' காதுக்கு வந்து சேர்ந்தது. பழைய காலத்து வெளிநாட்டு போன்காலில் பேசுவது போலத் தடுமாறினேன். ரெக்கார்டிங்குக்கு வயர் வைத்த ஹெட்போன்தான் சரி. அதற்கும் மேலே ஏதாவது தாமதம் தெரிந்தால் மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது லேப்டாப் ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பதை, 512-இலிருந்து 128-க்குக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக மிஞ்சியது பிரிட்ஜ். அதையும் அணைத்தோம். திரும்பப் போட மறந்துவிடாமல் இருக்க, ஒலிப்பதிவாளர்கள் கார் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைப்பார்கள் என்று மச்சான் சொன்னான். கார் இல்லாததால் மனைவியின் ஸ்கூட்டர் சாவியை வைத்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டர் யாருக்கும் தேவைப்படவில்லை. மத்தியானம் தயிர் எடுக்கப்போன அம்மாதான் சாவியைக் கண்டுபிடித்தாள். தயிர் புளித்திருந்தது. மாவு பொங்கி வெளியே வந்திருந்தது. என் மனைவி என்னைப் பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை.

பாட்டு என்னவோ நன்றாகவே வந்திருந்தது. குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். பெரியப்பா கட்டைவிரல் காட்டினார். சித்தி, "யார் பாடினது?" என்று கேட்டாள். நான்தான் என்றதும் அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

அம்மா மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி முழுதாகக் கேட்டாள். கழற்றிவிட்டு, "இதுல நான் பாடினாலும் இப்படித்தான் கேக்குமா?" என்றாள். அன்று இரவே மெத்தைக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். தாளத்துக்கு டிக் டிக் வேண்டாம், ஸ்ருதிப் பெட்டி வேண்டாம், மின்விசிறியை நிறுத்தக் கூடாது, பிரிட்ஜில் கை வைத்தால் தெரியும் சேதி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஒரு நலங்குப் பாட்டை மூச்சு விடாமல் பாடி முடித்தாள். ஒரே டேக். மின்விசிறிச் சத்தம் பின்னால் கேட்கத்தான் செய்கிறது. சித்தி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அழுகிற பொம்மைகளாக அனுப்பியிருந்தாள்.

இப்போது அம்மாவிடம் ஒரு நோட்டு நிறையப் பாட்டு இருக்கிறது. ஊஞ்சல், லாலி, தாலாட்டு, கும்மி என்று தனித்தனியாகத் தலைப்புப் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். மகள் விமானம் பார்க்கிறாள். மச்சான் இரவுச் சாப்பாட்டுக்கே வந்துவிடுகிறான். என்னுடைய இரண்டாவது பாட்டுக்கு வருகிற வியாழக்கிழமை இரவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் அன்றைக்குள் லாலிப் பாட்டெல்லாம் முடிந்தால்தானாம்.