எம்-டூ பரீட்சைக்கு நான் படித்த விதம்

இன்ஜினியரிங் முதல் வருஷம், கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் எம்-டூ என்ற கணக்குப் பாடத்துக்கு எனக்குக் கிடைத்தது 23. நூற்றுக்குத்தான். பிளஸ் டூ கணக்கில் 200-க்கு 186 வாங்கியிருந்தவன் என்பதால், விடைத்தாள் மாறி வந்திருக்குமோ என்று மேலே இருந்த பெயரைப் பார்த்தேன். என்னுடையதேதான்.

இது 2018-இல் நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், சேர்ந்த முதல் செட் நாங்கள். இரண்டாவது செமஸ்டர் கணக்குப் பாடத்தின் முழுப்பெயர் இன்ஜினியரிங் மேத்தமேடிக்ஸ் இரண்டு. ஹாஸ்டலில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எம்-டூதான். ஐந்து யூனிட்: மேட்ரிக்ஸ், வெக்டர் கால்குலஸ், அனலிட்டிக் ஃபங்ஷன், காம்ப்ளெக்ஸ் இன்டக்ரேஷன், லாப்லாஸ். சீனியர்களுக்கு 2013 ரெகுலேஷன். அவர்களுக்கு மேட்ரிக்ஸ் இருந்த இடத்தில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் இருந்தது, மற்ற நான்கும் ஒன்றுதான். அதனால் அவர்களுடைய பழைய கேள்வித்தாள்கள் எங்களுக்கும் உதவின.

நான் தமிழ் மீடியம். தொகை நுண்கணிதம், கலப்பெண்கள் என்று படித்துவிட்டு வந்தவனுக்கு இன்டக்ரேஷனும் காம்ப்ளெக்ஸ் நம்பரும் வேறு ஏதோ போலத் தெரிந்தன. ஆனால் 23-க்குக் காரணம் ஆங்கிலம் இல்லை, அது இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. நான் படித்தபோது பிளஸ் டூவில் புத்தகக் கணக்கு பெரும்பாலும் எண் மாறாமல் அப்படியே வரும். ஐந்து தடவை எழுதிப் பார்த்தால் கையே போட்டுவிடும். நான் அந்தக் கையை நம்பிக்கொண்டு வந்திருந்தேன்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் அறையில் இருந்த மூன்றாம் ஆண்டு அண்ணன். ஒரு நாள் ராத்திரி லோக்கல் ஆதர் (உள்ளூர் ஆசிரியர் எழுதிய) புத்தகத்தில் போட்டுக் காட்டியிருந்த கணக்குகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தை வாங்கி மூடினார்.

“இப்ப பாத்த கணக்க போடு தம்பி.”

பத்து நிமிடம் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பாத்தா புரியுது அண்ணே. போட வரல.”

“பரோட்டா மாஸ்டர் வீசுறத தினம்தான் பாக்குற. ஒண்ணு வீசு பாப்போம்” என்றார். எங்கள் ஊர் விருதுநகர் பக்கம், அதைவிடப் பொருத்தமாக எனக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் கேள்வித்தாளின் அமைப்பைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டேன். ஏ பகுதியில் பத்து டூ மார்க். பி பகுதியில் ஐந்து 16 மார்க், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றை எழுதலாம். அதாவது யூனிட்டுக்கு 20 மார்க். அன்றைய விதிப்படி பாஸாக, நூற்றுக்குக் குறைந்தது 45 எடுக்க வேண்டும், அதை 80-க்கு மாற்றி இன்டர்னல் 20-உடன் சேர்த்தால் 50 வர வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் காம்ப்ளெக்ஸ் இன்டக்ரேஷனை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. இன்டர்னலில் 20-க்கு 11 வந்தால் பெரிது, அப்படிப் பார்த்தால் எழுத்துத் தேர்வில் கிட்டத்தட்ட 50 வேண்டும். ஒரு யூனிட்டை விட்டால் 80-க்குள்தான் ஓட்டம், அதில் கை தவறுகிற இடங்கள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

கையில் மூன்று வாரம் இருந்தது. பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துவந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒவ்வொரு 16 மார்க் கணக்குக்கும் முதல் இரண்டு வரியை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். எந்த முறை, ஏன் அந்த முறை. அவ்வளவுதான், விடை வரை போகக் கூடாது. ஒரு கணக்கை முழுசாகப் போடும் நேரத்தில் ஏழெட்டுக் கணக்கைத் தொடங்கிப் பார்த்துவிடலாம். முதல் நாள் பத்தில் ஆறு தப்பு. பிறகு சாயங்காலத்தில் மட்டும், அன்று தொடங்கியதில் இரண்டை எடுத்துக் கடைசி வரை போடுவேன்.

இந்த நோட்டு அதிகம் கைகொடுத்தது எல்லாரும் பயந்த காம்ப்ளெக்ஸ் இன்டக்ரேஷனில்தான். அங்கே எல்லாமே தொடக்கத்தில் இருக்கிறது. கீழே இசட் மைனஸ் 1, இசட் மைனஸ் 2 இரண்டின் பெருக்கல், மேலே பை இசட் ஸ்கொயருக்கு சைனும் கொசைனும் கூட்டி, ஒரு வட்டத்தைச் சுற்றி இன்டக்ரேட் செய்யச் சொல்லும் கணக்கு அடிக்கடி வரும். கீழே பூஜ்ஜியமாகும் புள்ளிகளில் வட்டத்துக்குள் இருப்பவை மட்டும்தான் விடையில் சேரும். சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் வட்டத்தை வரைய வேண்டும். ஆரம் 3 என்றால் 1, 2 இரண்டு புள்ளியும் உள்ளே, விடை 4 பை ஐ. அதே கணக்கில் ஆரத்தை ஒன்றரை என்று மாற்றிக் கொடுத்தால் 2 வெளியே போய்விடும், விடை 2 பை ஐ. முதல் இன்டர்னலில் இந்த இரண்டாவது மாதிரிக்கு நான் 4 பை ஐ என்று அழகாக எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். வட்டமே வரையவில்லை. படம் போட்டால் நேரம் வீண் என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

மேட்ரிக்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேலி-ஹாமில்டன் ஒன்று, குவாட்ரடிக் ஃபார்மை கனானிகல் ஃபார்முக்குக் கொண்டுபோவது ஒன்று, இரண்டும் நீளமே தவிர கஷ்டம் இல்லை. ஐகன் வேல்யூ மூன்றையும் கூட்டினால் மூலைவிட்டக் கூட்டுத்தொகை, பெருக்கினால் டிட்டர்மினன்ட். அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். மூன்றுக்கு மூன்று டிட்டர்மினன்டை கேசியோ 991எம்எஸ் கால்குலேட்டரே போட்டுக் கொடுத்துவிடும்.

வெக்டர் கால்குலஸ்தான் என்னைப் படுத்தியது. காஸ் டைவர்ஜன்ஸ் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்லும் கணக்கு. ஒரு பக்கம் டைவர்ஜன்ஸ் எடுத்து வால்யூம் இன்டக்ரல், இன்னொரு பக்கம் கனசதுரத்தின் ஆறு முகத்துக்கும் தனித்தனியாக. இரண்டும் ஒரே விடையாக வர வேண்டும். 4எக்ஸ்இசட், மைனஸ் ஒய் ஸ்கொயர், ஒய்இசட் என்று வெக்டரின் மூன்று கூறுகளைக் கொடுத்து பக்கம் 1 உள்ள கனசதுரம் கேட்பார்கள். வால்யூம் பக்கம் 3/2 வந்துவிட்டது. முகங்களின் பக்கம் எனக்கு 7/2. மூன்று நாள் விட்டு விட்டுப் போட்டேன், மூன்று நாளும் 7/2.

பக்கத்து அறைப் பையன் எளிய வழி சொன்னான்: “அங்க 3/2 வந்துருச்சுல்ல, இங்கயும் 3/2-ன்னு எழுதிட்டு ‘ஆகவே நிரூபிக்கப்பட்டது’ன்னு போடு.” ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஆறு முகத்தையும் கட்டம் போட்டு எழுதினேன். முகம், வெளிநோக்கிய திசை, அங்கே நிலையான எண், விடை. பூஜ்ஜியத்தில் இருக்கும் மூன்று முகத்திலும் எதுவும் இல்லை. எக்ஸ் 1 முகத்தில் 2, இசட் 1 முகத்தில் அரை. ஒய் 1 முகத்தில் மைனஸ் 1 வர வேண்டும், நான் ஸ்கொயரைப் பார்த்ததும் மைனஸை விழுங்கிவிட்டுப் பிளஸ் 1 போட்டிருந்தேன். அதைத் திருத்தினால் 2-இல் 1 போய், அரை கூடி, 3/2. அதற்குப் பிறகு கட்டம் போடாமல் இந்தக் கணக்கை நான் தொட்டதே இல்லை.

லாப்லாஸை மூன்றாவது வாரத்துக்கு வைத்தேன். ஃபார்முலாவை மனப்பாடம் செய்து பார்ஷியல் ஃப்ராக்ஷன் தெரிந்தால் மார்க் அள்ளலாம், மறக்காமல் இருக்கக் கடைசியில் படிப்பதே நல்லது. டிஃபரன்ஷியல் ஈக்வேஷனைத் தீர்த்து முடித்ததும் விடையில் டி-க்கு 0 போட்டால், கேள்வியில் கொடுத்த தொடக்க மதிப்பு வர வேண்டும். வராவிட்டால் பார்ஷியல் ஃப்ராக்ஷனில் எங்கேயோ சறுக்கல். அனலிட்டிக் ஃபங்ஷனில் மில்ன்-தாம்சன் முறை, பைலீனியர் இரண்டையும் மட்டும் தேற்றினேன். கன்ஃபார்மல் மேப்பிங்கில் படம் வரையும் கேள்வியை விட்டுவிட்டேன், இன்றுவரை எனக்கு அது வராது.

தேர்வன்று டூ மார்க்கில் எட்டு தெரிந்தது. 16 மார்க்கில் முதலில் லாப்லாஸ், அடுத்து மேட்ரிக்ஸ் என்று எழுதிக்கொண்டே போய், வெக்டர் கால்குலஸுக்கு வந்தபோது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. நான் கட்டம் போட்டுப் பழகிய காஸ் வரவில்லை. ஸ்டோக்ஸ் தேற்றம் வந்திருந்தது, அதில் பரப்பில் கூட்டுவதும் ஓரக்கோடுகளில் கூட்டுவதும் ஒன்றாக வர வேண்டும். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒய் ஸ்கொயர், 2எக்ஸ்ஒய், நீளம் ஏ, அகலம் பி கொண்ட செவ்வகம். கர்ல் எடுத்தால் 4ஒய், பரப்பு முழுக்கக் கூட்டினால் 2 ஏ பி ஸ்கொயர். சரி, அது முடிந்தது. நான்கு கோட்டையும் கூட்டினால் 2/3 ஏ கியூப் வருகிறது.

கை வியர்த்தது. பிறகு அந்த விடையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அதில் பி-யே இல்லை என்பது கண்ணில் பட்டது. செவ்வகத்தின் அகலம் விடையை விட்டே காணாமல் போக முடியாது. படத்தைப் பெரிதாக மறுபடி வரைந்து நான்கு பக்கத்துக்கும் அம்புக்குறி போட்டேன். மேல்கோட்டில் அம்பு இடப்பக்கம் போகிறது, நான் 0-இலிருந்து ஏ வரை போட்டிருக்கிறேன். ஏ-யிலிருந்து 0 என்று திருப்பியதும் ஏ கியூப் இரண்டும் அடித்துக்கொண்டு போயின, மிச்சம் 2 ஏ பி ஸ்கொயர். பழையதைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அதில் போன பதினைந்து நிமிடத்தால் காம்ப்ளெக்ஸ் இன்டக்ரேஷன் 16 மார்க்கின் இரண்டாவது எட்டு மார்க் கணக்கு பாதியில் நின்றது. வட்டம் மட்டும் வரைந்திருந்தேன்.

ரிசல்ட்டில் பி பிளஸ், அதாவது 61-க்கு மேல். அறை அண்ணனிடம் சொன்னேன். “சரி, பரோட்டா வாங்கிக் குடு” என்றார்.